சீபேப் மாட்டியிருந்தும் மல்லாந்து படுத்தால் ஆக்ஸிஜன் இறங்குகிறது: மெஷினா, அப்பா படுக்கிற விதமா?

ஜெலுத்தோங்_மகள் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 66, உடம்பு கனம், வயிறு முன்னால் தள்ளி இருக்கும், சிகரெட்டை விட்டு ரொம்ப வருஷமாகிறது. போன வருஷம் இங்கே பினாங்கில் ஒரு மருத்துவமனையில் தூக்கப் பரிசோதனை செய்தபோது ஏஎச்ஐ (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது பாதியாகிறது என்கிற கணக்கு) 41 என்று வந்தது, கடுமையான தூக்க மூச்சுத்தடை என்றார்கள். அதிலிருந்து சீபேப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி ஊதுகிற மெஷின்) போட்டுத்தான் படுக்கிறார். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிற வகை, 6 முதல் 14 வரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க். குறட்டை நின்று அம்மாவும் பழையபடி அந்த அறைக்கே படுக்க வந்துவிட்டார்கள், அது வரைக்கும் சந்தோஷம்.

ஆனால் காலையில் எழுந்தால் தலை பாரமாக இருக்கிறது என்கிறார். காப்பி குடித்து, பேப்பர் படித்து, வெயில் ஏறிய பிறகுதான் தெளிகிறார். எனக்குச் சந்தேகம் வந்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று ராத்திரி முழுக்கப் பதிவு செய்கிற ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கி விரலில் மாட்டிவிட்டேன். ஒருக்களித்துப் படுத்திருக்கும் நேரத்தில் 94, 95 என்று நிற்கிறது. மல்லாந்து படுத்துவிட்டால், அதிலும் விடியற்காலை நான்கு மணிக்கு மேல், 87, 88க்கு இறங்கிவிடுகிறது. அதே ராத்திரிக்கு மெஷின் காட்டுகிற ஏஎச்ஐ 2 அல்லது 3தான்! மெஷின் விற்ற கடையில் கேட்டால் "நம்பர் அருமையாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். டாக்டர் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் மாஸ்க் கசிந்து கண்ணில் காற்றடிக்கிறது, தோளும் வலிக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் திரும்பி மல்லாந்துவிடுகிறார். என் தம்பி, மெஷினுக்குள் ஒரு ரகசிய மெனு இருக்கிறது, அழுத்தத்தை நாமே ஏற்றிவிடலாம் என்கிறான். செய்யலாமா? மெஷின் நன்றாக இருக்கிறது என்கிறது, விரல் கருவி இல்லை என்கிறது, நான் எதை நம்புவது?

-----

பட்டர்வொர்த்_மணியம் எழுதியது:

தங்கச்சி, நானும் மாஸ்க் கோஷ்டிதான், ரொம்ப காலமாக. மருத்துவ விஷயத்தைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும், ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரும்பாலும் குற்றம் தலையணையில்தான். ஒருக்களித்தால் தலையணை மாஸ்க்கின் ஒரு பக்கத்தைத் தள்ளும், மறு பக்கம் இடைவெளி விழும், காற்று நேராகக் கண்ணுக்குப் போகும். அதற்காகப் பட்டையை இறுக்காதீர்கள், இறுக்கினால் மூக்குத்தண்டில் புண் வரும், கசிவு நிற்காது. முகத்தைத் தலையணையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, மாஸ்க் வெளியே காற்றில் நிற்கிற மாதிரி படுக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட சீபேப் தலையணை என்றே விற்கிறார்கள், ஆனால் கெட்டியான சாதாரணத் தலையணையே பல பேருக்குப் போதும். குழாயைக் கட்டில் தலைமாட்டுக்கு மேலே கொண்டுபோய் ஒரு கொக்கியில் மாட்டிவிடுங்கள், அது நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தால் ஒவ்வொரு முறை புரளும்போதும் மாஸ்க்கைப் பிடித்து இழுக்கும். தோள் வலிக்கு, முன்னால் ஒரு நீளத் தலையணையைக் கட்டிக்கொண்டு மேல் கையையும் காலையும் அதன்மேல் போட்டால் பாரம் கீழ்த் தோளில் முழுசாக இறங்காது. அப்பா வாயை மூடித் தூங்குகிறவர் என்றால் மூக்குத் துவாரத்தில் மட்டும் நிற்கிற சின்ன மாஸ்க் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்கு அது பெரிய விடுதலை.

இன்னொன்று. உயரமான இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுக்கிறாரா? தாடை நெஞ்சில் போய் ஒட்டுகிறதா பாருங்கள். அப்படி ஒட்டினால் தொண்டை மடங்கிவிடும், மெஷின் எவ்வளவு ஊதினாலும் அந்த மடிப்பு அவ்வளவு சுலபமாகத் திறக்காது. டென்னிஸ் பந்தை பனியன் முதுகில் தைக்கிற வைத்தியமும் உண்டு. பலன் இருக்கும், ஆனால் மனுஷன் பொறுக்கமாட்டான், கொஞ்ச நாளில் பந்து பேரப்பிள்ளை கைக்குப் போய்விடும்.

-----

கிள்ளான்_ராஜா எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லையே. ஆக்ஸிஜன் குறைகிறது என்றால் ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டியதுதானே? கோவிட் சமயத்தில் எல்லா வீட்டிலும் வாங்கிய, அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தருகிற ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் இப்போது பழைய சாமான் விலைக்கு ஆன்லைனில் கிடக்கிறது. சீபேப் குழாயில் இணைக்க ஒரு சின்ன அடாப்டர் வரும், சொருகிவிட்டால் 95க்கு மேல் ஏறிவிடும். எங்கள் மாமா அப்படித்தான் வைத்திருக்கிறார்.

-----

செந்தூல்_தாதி எழுதியது:

ராஜா தம்பி சொன்னதை முதலில் நிறுத்துங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். நான் கோலாலம்பூரில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், தூக்கப் பரிசோதனை அறையில் நிறைய ராத்திரி விழித்திருக்கிறேன். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லலாம்.

மெஷினும் விரல் கருவியும் சண்டை போடவில்லை, இரண்டும் வேறு வேறு விஷயத்தை அளக்கின்றன. சீபேப் பார்ப்பது காற்றோட்டத்தை மட்டும். மூச்சு நின்றதா, பாதியானதா, குறட்டை அதிர்வு வந்ததா, காற்று நெருக்கிப் போகிறதா என்று பார்த்து அழுத்தத்தை ஏற்றும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பது அதற்குத் தெரியவே தெரியாது. 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் இந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்தபோதும் நோக்கம் தொண்டைக் குழாயை உள்ளிருந்து காற்றால் முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்பதுதான். உள்ளே போவது நம் அறைக் காற்று, அதில் 21 சதவீதம் ஆக்ஸிஜன், அவ்வளவே. ஆகவே ஏஎச்ஐ 2 என்றால் "தொண்டை ஏறக்குறைய திறந்திருக்கிறது" என்று மட்டும்தான் அர்த்தம். அதற்குக் கீழே நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

மல்லாந்து படுத்தால் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று மேலே, தொண்டையில். நாக்கின் அடிப்பகுதியும் அண்ணத்தின் மெத்துப் பகுதியும் பாரத்தால் பின்னால் சரியும். மல்லாந்து படுக்கும்போது ஏஎச்ஐ ஒருக்களித்திருக்கும்போது உள்ளதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போனால் அதைப் படுக்கை நிலையைச் சார்ந்த மூச்சுத்தடை என்று பிரிப்பது, 1984இல் ரோசலிண்ட் கார்ட்ரைட் வைத்த கணக்கு, இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சீபேப் போட்டிருந்தாலும் இந்த வித்தியாசம் மறையாது. ஒருக்களித்திருக்கும்போது 8 போதுமானவருக்கு மல்லாந்தால் 10, 11 வேண்டியிருக்கலாம். விடியற்காலையில் மோசமாவதற்கும் காரணம் உண்டு. கனவு வருகிற ரெம் தூக்கம் பின்னிரவில்தான் நீளமாக வரும், அந்த நேரத்தில் தொண்டைத் தசை தளர்ந்து கிடக்கும், விலா எலும்புக்கு நடுவில் இருக்கும் தசையும் ஓய்ந்துவிடும், உதரவிதானம் ஒன்றுதான் மூச்சை இழுக்கும். மல்லாந்த நிலையும் ரெம் தூக்கமும் ஒன்றாகச் சேருகிற நேரத்தைத்தான் நாங்கள் பரிசோதனையில் காத்திருந்து பார்ப்போம். மல்லாந்து ரெம் வராமல் போன ராத்திரியை வைத்து அழுத்தம் சரி என்று எழுத முடியாது.

இரண்டாவது கீழே, நுரையீரலில். படுத்தவுடன் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். கனமான உடம்பு என்றால் இன்னும் அதிகம். மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சம் நிற்கிற காற்று குறையும், முதுகுப் பக்கத்துச் சின்ன அறைகள் மூடிக்கொள்ளும். அங்கே ரத்தம் போகும், காற்று போகாது. அதனால் மூச்சு ஒரு முறைகூட நிற்காமலே ஆக்ஸிஜன் இறங்கிக் கிடக்கலாம். சிகரெட் பழக்கம் இருந்தவருக்கு நுரையீரல் பாதிப்பும் கூட இருந்தால் இது சுலபமாக நடக்கும். (ராத்திரி பதினோரு மணிக்கு நாசி கண்டார் மாதிரி கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள், நிறைந்த வயிறும் அதே தள்ளலைத்தான் தள்ளும்.)

இந்த இரண்டையும் பிரிக்க வரைபடத்தின் உருவத்தைப் பாருங்கள். தொண்டை அடைப்பு என்றால் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், ஒவ்வொரு பல்லும் ஒரு நிமிஷம் அல்லது அதற்கும் குறைவு. நுரையீரல் பக்கத்துக் குறை என்றால் கோடு மெதுவாக இறங்கி, 88இல் ஒரு மேடையாக உட்கார்ந்து, அவர் புரளும் வரை அங்கேயே நிற்கும். மெஷினில் எஸ்டி கார்டு இருந்தால் கணினியில் ஆஸ்கார் என்ற இலவச மென்பொருளில் திறந்து, ஆக்ஸிமீட்டர் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கவனம்: இரண்டு கருவியின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது. கடிகாரத்தைச் சரிசெய்த பிறகும் தொண்டையில் மூச்சு நின்று சுமார் 20, 30 வினாடி கழித்துத்தான் விரலில் அது இறங்கித் தெரியும், ரத்தம் அங்கே போய்ச் சேர வேண்டுமே.

விரல் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வீட்டுக் கருவியில் இரண்டு மூன்று புள்ளி முன்பின் சாதாரணம். ஏர்கானை 18இல் வைத்து விரல் ஜில்லிட்டுப் போனால், அல்லது அந்தக் கையையே தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால், ரத்த ஓட்டம் குறைந்து பொய்யாக இறங்கும், அந்த இடத்தில் நாடித் துடிப்பின் கோடும் கிறுக்கலாகும், பார்த்தால் தெரியும். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கறுத்த தோலில் ஆக்ஸிமீட்டர் உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். 2020இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அமெரிக்க நோயாளிகளை வைத்து வந்த ஆய்வுக்குப் பிறகு உலகமே இதைப் பேசியது. நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, 88 என்று காட்டுவது உள்ளே அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். 90க்கு மேலே சில புள்ளி இறங்குவது பெரிய நஷ்டம் இல்லை, 90க்குக் கீழே சரிவு செங்குத்து. அதனால் "மிகக் குறைந்த அளவு எவ்வளவு" என்பதைவிட "90க்குக் கீழே மொத்தம் எவ்வளவு நேரம்" என்பதைத்தான் டாக்டர் கேட்பார்.

இப்போது ராஜா தம்பி. காலைத் தலைவலி, கனமான உடம்பு, மேடையாக நிற்கும் குறைந்த ஆக்ஸிஜன், இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கரியமில வாயு தேங்குவது. மூச்சு ஆழமில்லாமல் போய் அந்த வாயு வெளியேறாமல் இருக்கிறவருக்கு ஆக்ஸிஜனை மட்டும் ஏற்றினால் நம்பர் அழகாக 96 காட்டும், உள்ளே கரியமில வாயு இன்னும் ஏறும், காலையில் எழுப்பினாலும் மந்தமாகக் கிடப்பார். உங்கள் மாமாவுக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்திருந்தால் சரி. பழைய சாமானாக வாங்கிச் சொருகுகிற பொருள் இல்லை அது. அப்படிப்பட்டவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மூச்சை உள்ளே தள்ளிக் கொடுக்கிற பைபேப் மாதிரி வகை.

அழுத்தத்தைத் தம்பி கை வைத்து மாற்ற வேண்டாம். காரணம் தொண்டை இல்லை என்றால் ஏற்றி என்ன பயன்? மிகவும் ஏற்றினால் சிலருக்கு மூளையிலிருந்து வரும் மூச்சுக் கட்டளையே விட்டு விட்டு வர ஆரம்பிக்கும், கசிவும் வயிற்று உப்புசமும் தனி.

-----

ஜெலுத்தோங்_மகள் எழுதியது:

அக்கா, மணியம் அண்ணன், ரொம்ப நன்றி. தம்பியின் ரகசிய மெனுவுக்கு அம்மா தடை போட்டுவிட்டார்கள்.

எஸ்டி கார்டைத் திறந்து பார்த்தோம். நீங்கள் சொன்ன பொய் இறக்கமும் இருக்கிறது, மேடையும் இருக்கிறது! நள்ளிரவு வாக்கில், இடது பக்கம் படுத்திருக்கும்போது திடீரென்று 80க்குப் பாய்ந்து உடனே ஏறுகிற சில பள்ளங்கள், அங்கே நாடிக் கோடும் தாறுமாறு, கருவியும் இடது கையில்தான் இருந்தது. வலது கைக்கு மாற்றினோம், இடது பக்கம் படுத்தாலும் இப்போது அவை இல்லை. ஆனால் விடியற்காலை மல்லாந்த நேரம் அப்படியேதான் வருகிறது. ரம்பம் இல்லை, வழுக்கிக்கொண்டு இறங்கி 88இல் நிற்கிறது, கசிவும் அந்த நேரத்தில் குறைவு, மெஷின் எதையும் குறிக்கவில்லை. புரண்டு வலது பக்கம் போனதும் கொஞ்சம் கொஞ்சமாக 93க்கு வருகிறது. இது இரண்டாவது வகைதானே?

அப்பாவிடம் தலையணை விஷயம் பேசினேன். இரட்டைத் தலையணையை எடுத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறதாம், அதனால்தான் உயரமாக வைக்கிறாராம். இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை, வீட்டிலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. கேட்டால் "யாரும் கேட்கவில்லையே" என்கிறார்.

-----

செந்தூல்_தாதி எழுதியது:

படம் இரண்டாவது வகையைத்தான் காட்டுகிறது, ஆனால் தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதைத்தான் நான் அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். அது வயிற்றுப் பாரமாக இருக்கலாம், நுரையீரலாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். கால் வீங்குகிறதா, ராத்திரி மூச்சு வாங்கி எழுந்து உட்காருகிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் தேதிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள். உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் குழறிப் பேசினால், நேராக அவசரப் பிரிவுதான்.

மற்றபடி கிளினிக்குக்குப் போன் செய்து, "சீபேப் போட்டும் ஆக்ஸிஜன் 90க்குக் கீழே நீண்ட நேரம் நிற்கிறது, காலையில் தலைவலி, தட்டையாகப் படுக்க முடியவில்லை" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். "அப்பாவுக்குக் கொஞ்சம் சரியில்லை" என்றால் தேதி நகராது. கேட்க வேண்டியது, பகல் நேரத்தில் ரத்த வாயுப் பரிசோதனை, நுரையீரல் ஊதல் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன். ரத்தத்தில் பைகார்பனேட் 27 அல்லது அதற்கு மேல் இருந்தால் கரியமில வாயு தேங்குகிறதா என்று கட்டாயம் மேலே பார்ப்பார்கள்.

அதுவரைக்கும் ஒருக்களித்துப் படுக்கட்டும், தலையணையை அடுக்காமல் இடுப்பிலிருந்து முதுகு முழுவதும் சாய்வாக ஏறுகிற மாதிரி செய்யுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கெட்டியான கட்டை வைத்தாலும் சரி, ஆப்பு மாதிரி சரிவான மெத்தைத் துண்டு வாங்கினாலும் சரி. கழுத்து மட்டும் மடங்கக் கூடாது, மணியம் சொன்ன தாடை விஷயம் அதுதான். எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் இடது பக்கம் நல்லது, இதயம் பலவீனமான சிலருக்கு இடது பக்கம் படுத்தால் அசௌகரியம், அவர்களாகவே வலது பக்கம் திரும்பிவிடுவார்கள். அப்பாவுக்கு எது சுகமோ அது.

-----

கிள்ளான்_ராஜா எழுதியது:

அக்கா, மாமாவிடம் இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். அவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானாம், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அளவும் அவரே வைத்தாராம். அது எனக்குத் தெரியாது. ஜெலுத்தோங் தங்கச்சி, என் பேச்சைக் கேட்டு வாங்கிவிடாதே லா.

-----

ஜெலுத்தோங்_மகள் எழுதியது:

வாங்கவில்லை அண்ணே :) அக்கா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைத்துப் படித்தேன், போனை எடுத்த தாதி ஒரு நிமிஷம் இருங்கள் என்று போய்விட்டு வந்து அடுத்த வாரத்துக்கே தேதி கொடுத்துவிட்டார். கால் வீக்கம் சாயங்காலம் லேசாக இருக்கிறது, செருப்பு வார் தடம் பதிகிற அளவுக்கு, அதையும் சொன்னேன், மூச்சு வாங்கினால் உடனே வந்துவிடச் சொன்னார். சரிவு மெத்தை பாயான் பாருவில் ஒரு கடையில் கிடைத்தது. அதில் ஒருக்களித்து, நீளத் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்த ராத்திரியில் பெரும்பாலும் 92, 93 நின்றது, 90க்குக் கீழே போன நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது. அப்பாவின் புகார் இப்போது வேறு, தூக்கத்தில் கீழே கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போய்விடுகிறாராம். அதற்கு ஏதாவது வழி உண்டா?

-----

பட்டர்வொர்த்_மணியம் எழுதியது:

முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில். மெத்தை விரிப்பு வழவழப்பான துணியாக இருந்தால் பருத்திக்கு மாற்றுங்கள், பாதி வழுக்கல் அதில்தான். கிளினிக்குப் போகும்போது எஸ்டி கார்டு, ஆக்ஸிமீட்டர் பதிவு, மாஸ்க் மூன்றையும் எடுத்துப் போங்கள், மாஸ்க்கை அங்கேயே மாட்டிப் படுக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து மாட்டினால் எல்லா மாஸ்க்கும் பொருந்தும்.